‘டிரெஸ்டு டு கில்’ (1980): ஹிட்ச்காக்கிடம் டி பால்மா பெற்றது கடனா, களவா?

பதிவு 1 – இழையைத் தொடங்கியவர்

இந்த இழையில் படத்தின் முடிவும் கொலையாளி யார் என்பதும் மறைக்கப்படாமல் பேசப்படும். ஆகவே படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிரையன் டி பால்மா எழுதி இயக்கிய ‘டிரெஸ்டு டு கில்’ 1980 ஜூலை இறுதியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று காலமாகியிருந்தார். இடையில் மூன்று மாதங்கள்கூட இல்லை. குளியலறையில் தொடங்கும் ஒரு கிளர்ச்சியான கனவு, பாதி வழியிலேயே கொல்லப்படும் நாயகி, பெண் உடையில் வரும் கொலையாளி, இறுதியில் எல்லாவற்றையும் விளக்கும் மனநல மருத்துவர் என அடுக்கிப் பார்த்தவர்கள், ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தை (1960) டி பால்மா அப்படியே எடுத்துக்கொண்டார் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கடனைத் தவறான இடத்தில் தேடுகிறது என்று கருதுகிறேன். கதையில் வாங்கியது எவருக்கும் தெரியும்படி மேலே கிடக்கிறது. உண்மையான கடன் பார்வையைப் படமாக்கும் முறையில் இருக்கிறது. அதற்குச் சான்று அருங்காட்சியகக் காட்சி.

அந்தக் காட்சியை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கேட் மில்லர் (ஆஞ்சி டிக்கின்சன்) இருக்கையில் தனியே அமர்ந்து, எதிரிலுள்ள ஓவியங்களையும் சுற்றியுள்ளவர்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள். மடியிலிருக்கும் குறிப்பேட்டில் வீட்டுக்கு வாங்க வேண்டிய பொருள்களை எழுதுகிறாள்; அவற்றுள் வான்கோழியும் ஒன்று. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவன் அருகில் வந்து அமர்கிறான். அவள் புன்னகைக்கிறாள், அவன் முகம் கொடுப்பதில்லை. அவள் கையுறையைக் கழற்றும்போது திருமண மோதிரம் தெரிகிறது. அவன் எழுந்து போய்விடுகிறான். அதன் பிறகு ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு அவள் அவனைத் தொடர்கிறாள், பின்பு அவன் அவளைத் தொடர்கிறான், ஒரு கட்டத்தில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதே நமக்குக் குழம்பிவிடுகிறது. கீழே விழுந்த கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு அவன் அவள் தோளைத் தொடுகிறான். அவள் திடுக்கிட்டு விலகிப் போன பிறகே அது தன் கையுறை என்று அவளுக்கு உறைக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிடம் நீளும் இந்தப் பகுதியில் பேச்சு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

இது எடுக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். நடந்துகொண்டிருக்கும் கேட்டின் முகத்துக்கு முன்னால் கேமரா பின்னோக்கி நகர்கிறது. அடுத்த ஷாட்டில் அவள் கண்ணாகவே மாறி, வளைவைத் தாண்டி, காலியான கூடத்துக்குள் முன்னோக்கி நகர்கிறது. முகம், பார்க்கப்படும் இடம், மீண்டும் முகம் என இரண்டும் நகர்ந்துகொண்டே மாறி மாறி வரும். ‘சைக்கோ’வில் கொல்லப்பட்ட நாயகி மேரியனின் தங்கை குன்றின் மேலுள்ள வீட்டை நோக்கி ஏறிப் போகும் காட்சியை இதே முறையில்தான் ஹிட்ச்காக் அமைத்தார். அங்கே அந்த முறை அச்சத்தை உண்டாக்கியது. டி பால்மா அதே முறையில் ஆசையை உண்டாக்குகிறார், அச்சத்தையும் அடியில் இருக்க விடுகிறார். நான் இதைத்தான் கடன் என்கிறேன்.

பதிவு 2

தொடக்கப் பதிவரின் உழைப்புக்கு என் மரியாதை. ஆனாலும் என்னால் உடன்பட இயலவில்லை. ஒரு முறையை எடுத்தாள்வதும், ஒரு படத்தின் எலும்புக்கூட்டையே எடுத்து அதற்கு வேறு தோல் போர்த்துவதும் ஒன்றல்ல. ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலையை லிஃப்டுக்கு மாற்றி, சமையலறைக் கத்தியைச் சவரக் கத்தியாக்கினால் அது புதிய படைப்பாகிவிடாது. மேரியனாக நடித்த ஜேனட் லீ படத்தில் கொல்லப்பட்டது 1960-இல் பார்வையாளர்களை நிலைகுலைய வைத்தது, ஏனென்றால் அதற்கு முன் பெரிய நட்சத்திரத்தை ஒரு படம் பாதிக்கு முன்பே அப்படிக் கைவிட்டதை அவர்கள் பார்த்ததில்லை. இருபது ஆண்டு கழித்து அதையே செய்யும்போது அந்த அதிர்ச்சிக்குக் காரணமான துணிவு ஏற்கெனவே செலவழிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹிட்ச்காக், திரைப்பட இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில், மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்தால் பிறப்பது திகில் கலந்த எதிர்பார்ப்பு என்றும், தெரிவிக்காமல் வெடிக்கச் செய்தால் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி மட்டுமே என்றும் விளக்கினார். ‘வெர்டிகோ’வில் (1958) ஜூடி யார் என்பதைப் படம் முடிவதற்கு வெகு முன்பே நமக்குச் சொல்லிவிட்டார். டி பால்மா கொலையாளியைக் கடைசி வரை ஒளித்து வைக்கிறார். ஆசானின் முதல் பாடத்தையே மாணவர் கைவிட்டிருக்கிறார் என்பது என் வாதம்.

பதிவு 3

நான் இசை பயின்றவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்கும் ‘சைக்கோ’வுக்கும் இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனே டி பால்மாவின் ‘சிஸ்டர்ஸ்’ (1973), ‘அப்செஷன்’ (1976) ஆகிய படங்களுக்கும் இசையமைத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெர்மன் 1975 டிசம்பர் 24 அன்று இறந்திராவிட்டால் ‘டிரெஸ்டு டு கில்’ அவரிடம் போயிருக்கக்கூடும் என்று நான் அடிக்கடி எண்ணியதுண்டு. அவருக்குப் பின் டி பால்மா தேர்ந்தெடுத்த பினோ டொனாஜியோ இத்தாலியர், வயலின் பயின்றவர், மெல்லிசைப் பாடகராகப் புகழ்பெற்ற பிறகு திரையிசைக்கு வந்தவர்.

அவர் ஹெர்மனைப் போலி செய்யவில்லை என்பதை அருங்காட்சியகக் காட்சியிலேயே கேட்கலாம். ‘வெர்டிகோ’வில் கிம் நோவாக் கார்லோட்டாவின் ஓவியத்துக்கு முன் அசையாமல் அமர்ந்திருக்க, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பின்னாலிருந்து அவளைக் கவனிக்கும் காட்சியில், ஹெர்மன் ஹபனேரா என்ற கியூப நடனத் தாளத்தை அடங்கிய குரலில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார், இசை வட்டமடிக்கிறதே தவிர எங்கும் போய்ச் சேர்வதில்லை. டொனாஜியோவின் இசை அப்படி நிற்பதில்லை. கேட்டின் நடை வேகம் கூடும்போது தந்தி வாத்தியங்கள் ஏறுகின்றன. அவள் தேடியவன் அங்கே இல்லை என்றதும் இசையும் இறங்கிவிடுகிறது. பேச்சே இல்லாத பத்து நிமிடத்தில் அவளுடைய மனக்குரலாக இருப்பது இந்த இசைதான். வெட்கம், துணிவு, ஏமாற்றம் ஆகிய மூன்றையும் ஒரே இராகத்தின் ஏற்ற இறக்கங்களைப் போல அது சொல்லிவிடுகிறது. நான் இதை வெறும் கடனாகக் கருதமாட்டேன்.

பதிவு 4 – இழையைத் தொடங்கியவர்

இரண்டாம் பதிவிட்ட நண்பரின் வாதம் வலுவானது; ஆகவே அதற்கு நேராகவே விடை சொல்ல முயல்கிறேன்.

கொலையின் இடம் மாறியது மட்டும்தான் வேறுபாடா? மேரியன் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடியவள். விடுதி நடத்தும், பின்னர் அவளைக் கொல்லப்போகும் நார்மனுடன் பேசிய பின், ஊருக்குத் திரும்பிச் சென்று பணத்தைக் கொடுத்துவிடத் தீர்மானிக்கிறாள். அதன் பிறகே குளிக்கப் போகிறாள். அந்த நீரில் அவளுடைய குற்றம் கழுவப்படுவதாக நாம் எண்ணும் நேரத்தில் கத்தி வருகிறது. கேட் அருங்காட்சியகத்தில் சந்தித்த அந்த முன்பின் தெரியாதவனின் வீட்டிலிருந்து கிளம்பி லிஃப்டில் இறங்கிய பிறகு, திருமண மோதிரத்தை மறந்து வைத்துவிட்டதை உணர்ந்து திரும்ப மேலே போகிறாள். இருவருமே திரும்பிப் போக முடிவெடுத்ததும் இறக்கிறார்கள். டி பால்மா வாங்கியது கொலையை மட்டும் அன்று. மனம் மாறிய கணத்திலும் கதை இரங்குவதில்லை என்ற கொடுமையை. அதை ஊன்றிப் படித்தவரால்தான் மோதிரம் என்ற சிறு பொருளை அந்த இடத்தில் வைக்க முடியும். மேரியனின் பணம் யாரோ ஒரு செல்வந்தருடையது, கேட்டின் மோதிரமோ அவளுடைய சொந்த வாழ்க்கை. அந்த வகையில் பின்னது என்னை அதிகம் வருத்துகிறது.

கொலையாளியை ஒளித்து வைத்தார் என்பது பாதி உண்மை. கொலையாளியான மனநல மருத்துவர் எலியட்டாக வரும் மைக்கேல் கெய்ன், தன்மீது அவருக்கு ஈர்ப்பு உண்டா என்று கேட் கேட்கும் காட்சியில் கண்ணாடியைப் பார்ப்பதை இரண்டாம் முறை பார்க்கும்போது கவனியுங்கள். விடை நம் கண்முன்னேதான் இருந்தது. லிஃப்ட் காட்சியில் வெடிகுண்டு முறையும் உண்டு. கதவு திறந்து, கொலையை நேரில் காணும் லிஸ் (நான்சி ஆலன்) உள்ளே கை நீட்டும்போது, மூலையிலுள்ள குவிந்த கண்ணாடியில் சவரக் கத்தியுடன் பதுங்கி நிற்பவளை நாம் பார்த்துவிடுகிறோம். லிஸ் சற்றுத் தாமதித்தே பார்க்கிறாள். அந்தச் சில நொடிகள் ஹிட்ச்காக் சொன்ன எதிர்பார்ப்புக்குச் சரியான எடுத்துக்காட்டு.

ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். நாம் பார்க்கும் அருங்காட்சியகம் ஒன்றல்ல. வெளிப்படிகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தவை. உள்கூடங்கள் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் படமாக்கப்பட்டவை. ஒருபோதும் ஒன்றாக இல்லாத ஓர் இடத்தில் அவள் வழி தவறுகிறாள் என்பது படப்பிடிப்பு வசதிக்காக நேர்ந்ததாகவே இருந்தாலும், அந்தக் கூடங்களின் புதிர்த்தன்மைக்கு அது பொருந்திப் போயிருக்கிறது.

பதிவு 5

இதுவரை பேசிய மூவரும் கடனைப் பற்றியே பேசினீர்கள். அந்தக் கடனுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் ஒரு பெண்ணாக நான் கேட்க வேண்டியிருக்கிறது.

படம் வெளிவந்தபோது அமெரிக்காவில் பெண்கள் அமைப்புகள் திரையரங்குகளின் முன் நின்று துண்டறிக்கை கொடுத்துப் போராடின. தன் விருப்பத்தைத் தேடிப் போன நடுத்தர வயதுப் பெண்ணுக்குப் படம் தரும் பரிசு முதலில் பால்வினை நோய் பற்றிய கடிதம், அடுத்துச் சவரக் கத்தி. அந்தக் கடிதத்தை அந்த முன்பின் தெரியாதவனுடைய மேசை இழுப்பறையில் அவள் காணும் காட்சியை நான் எப்போது பார்த்தாலும், இது கதையின் தேவையா, தண்டனையின் தேவையா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஹிட்ச்காக்கிடமும் இந்தக் குறை உண்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆசானிடம் கற்கும்போது எதை விட வேண்டும் என்பதையும் கற்றிருக்க வேண்டும்.

திருநர் பற்றிய சித்திரிப்பு இதைவிடக் கடுமையான சிக்கல். எலியட்டுக்குள் பெண்ணாக வாழ விரும்பும் ஒருத்தி இருப்பதாகவும், அவனுக்குள்ளிருக்கும் ஆண் ஒரு பெண்ணிடம் கிளர்ச்சி அடையும்போதெல்லாம் அவள் கொல்வதாகவும் படம் விளக்குகிறது. ‘சைக்கோ’வின் இறுதியில் வரும் மருத்துவர், நார்மன் அந்த வகையைச் சேர்ந்தவன் அல்லன் என்றாவது பிரித்துச் சொன்னார். இருபது ஆண்டுக்குப் பின் வந்த படமோ அந்தப் பிரிவை அழித்துவிட்டு, பால்மாற்று அறுவை சிகிச்சை மறுக்கப்பட்டதையே கொலைக்குக் காரணமாக்குகிறது. படத்தின் உள்ளேயே இதற்கு எதிர்ச்சான்று ஒன்று இருப்பதுதான் விந்தை. திரை இரண்டாகப் பிரியும் காட்சியில் எலியட்டும் லிஸ்ஸும் தத்தம் வீட்டில் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள். அதில் தொகுப்பாளர் ஃபில் டோனஹியூ ஓர் உண்மையான திருநங்கையைப் பேட்டி காண்கிறார். அவர் அமைதியாக, தெளிவாக, நகைச்சுவை உணர்வோடு பேசுகிறார். அந்த ஒரு மனிதரின் குரல் போதும், முடிவில் வரும் மருத்துவ விளக்கம் முழுவதும் பொய் என்று காட்ட. டி பால்மா அதைப் படத்துக்குள் வைத்துவிட்டு, அது சொல்வதைக் கேட்காமல் கடந்து போய்விட்டார்.

அருங்காட்சியகக் காட்சியின் அழகை நான் மறுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் ஒரு பெண்ணின் தயக்கத்தை இத்தனை பொறுமையாகக் கவனித்ததால்தான், பின்னால் அவளைப் படம் நடத்தும் விதம் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

பதிவு 6

வெட்டுகளைப் பற்றி ஒரு சிறு தகவல் மட்டும். அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு இந்தப் படத்துக்கு முதலில் வயதுவந்தோருக்கு மட்டுமான ‘எக்ஸ்’ சான்றே அளித்தது. அந்தச் சான்றோடு வெளியிட்டால் பல திரையரங்குகளும் நாளிதழ் விளம்பரங்களும் கிடைக்காது என்பதால், தொடக்கக் குளியல் காட்சியிலும் லிஃப்ட் கொலையிலும் ஷாட்டுகளைக் குறைத்தும் மாற்றியும், சில வசனங்களைத் திருத்தியும் ‘ஆர்’ சான்று பெற்றார்கள். பின்னாளில் வெட்டப்படாத வடிவமும் கிடைத்தது. ஆகவே யார் எந்த வடிவத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பதைக் குறிப்பிட்டால் விவாதம் தெளிவாகும். தொடக்கக் காட்சியில் மிக நெருக்கத்தில் காட்டப்படும் உடல் டிக்கின்சனுடையது அன்று, மாற்று நடிகையுடையது. ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியிலும் ஜேனட் லீக்கு அப்படி ஒரு மாற்று நடிகை இருந்தார். இந்த உடல்மாற்று வழக்கத்தையே தலைப்பாக்கி 1984-இல் ‘பாடி டபுள்’ என்ற படத்தை டி பால்மா எடுத்தார். ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’, ‘மார்னி’ படங்களின் நாயகி டிப்பி ஹெட்ரனின் மகள் மெலனி கிரிஃபித் அதில் நடித்தார்.

பதிவு 7 – இழையைத் தொடங்கியவர்

ஐந்தாம் பதிவிட்ட அம்மையார் சொன்னதை ஏற்கிறேன். தொலைக்காட்சிப் பேட்டி பற்றி அவர் சுட்டியதை நான் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. பிளவுத் திரையின் நுட்பத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், அந்தத் திரைக்குள் பேசிக்கொண்டிருந்த மனிதரைக் கவனிக்கவில்லை. மருத்துவரின் விளக்கம் ‘சைக்கோ’விலேயே பலவீனமான பகுதி, அதையும் சேர்த்துக் கடன் வாங்கியது டி பால்மாவின் பிழை. அங்கே மட்டும் நான் களவு என்ற சொல்லையும் ஏற்கத் தயார், ஏனெனில் அங்கே அவர் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

மற்றவற்றுக்கு நம் மொழியிலேயே நல்ல சொல் இருக்கிறது. நன்னூலின் பாயிரம் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு முழுவதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளைச் சொல்லி வருவது வழிநூல். அந்த வகுப்பில் வழிநூல் என்பது இழிவான பெயர் அன்று. அதற்கும் மரபில் இடம் உண்டு, ஆனால் பின்னோன் வேண்டும் வேறுபாடு அதில் இருந்தாக வேண்டும். ‘டிரெஸ்டு டு கில்’லில் அந்த வேறுபாடு எது என்று கேட்டால், கேட்டின் மகன் பீட்டரை (கீத் கோர்டன்) நான் காட்டுவேன். கணினியையும் கருவிகளையும் தானே இணைத்துச் செய்யும் அந்தச் சிறுவன், மருத்துவரின் வாசலுக்கு எதிரே தானியங்கிக் கேமராவை ஒளித்து வைத்து, வருவோர் போவோரைப் படமெடுத்துத் தாயைக் கொன்றவளைத் தேடுகிறான். டி பால்மா இளமையில் அறிவியல் போட்டிகளில் பரிசு பெற்றவர். தாய்க்குத் துரோகம் செய்த தம் தந்தையைப் பின்தொடர்ந்து வேவு பார்த்தவர். இவை அவரே பொதுவில் பகிர்ந்த செய்திகள். ஹிட்ச்காக்கின் படங்களில் ஒளிந்து பார்ப்பவன் பெரும்பாலும் குற்ற உணர்வோடு பார்க்கும் வளர்ந்த ஆண். இங்கே பார்ப்பவன் துக்கத்தில் இருக்கும் பிள்ளை. அந்த மாற்றம் எந்தப் படத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று.

இரண்டாம் பதிவிட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகக் காட்சியை ஒருமுறை ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாம் பதிவர் மன்னிக்க வேண்டும். இசையின் துணையின்றியும் அந்தக் காட்சி நிற்கிறதா என்பதை நான் உங்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

பதிவு 8 – இரண்டாம் பதிவிட்டவர்

தாங்கள் கேட்டபடியே நேற்றிரவு ஒலியின்றிப் பார்த்தேன். பிறகு ஒலியுடனும் பார்த்தேன். உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

காட்சி நிற்கிறது. ஒலி இல்லாதபோது டிக்கின்சனின் முகத்தில் மட்டுமே கண் நிலைக்கிறது. குறிப்பேட்டை மூடுவது, கழுத்தைத் திருப்புவது, அவன் போன பக்கத்தைப் பார்த்ததும் தன்னையே கடிந்துகொள்வது போல உதட்டை இறுக்குவது என அவர் செய்வதெல்லாம் மிகச் சிறியவை. ஆனால் ஒன்றுகூட வீணாகவில்லை. இந்தப் படத்துக்காகக் கெய்ன், ஆலன், டி பால்மா ஆகியோரை அந்த ஆண்டின் மோசமானவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள் என்பது தெரியும். அதே ஆலன் அதே வேடத்துக்காகப் புதுமுகப் பிரிவில் கோல்டன் குளோப் பரிந்துரை பெற்றதும் தெரியும். டிக்கின்சனுக்கு உரிய பாராட்டு வந்து சேரவில்லை என்றே எண்ணுகிறேன்.

படிக்கட்டுக் காட்சியிலும் ஒன்றைக் கவனித்தேன். மிஞ்சிய கையுறையைக் கேட் எரிச்சலோடு வீசிவிட்டுத் திரும்ப, கேமரா அவளிடமிருந்து விலகிப் பக்கவாட்டில் ஓடி, வாடகைக் காரின் சன்னலில் அசையும் கையுறை மாட்டிய கையைக் கண்டடைகிறது. அந்த ஓட்டத்தின் நடுவில், கறுப்புக் கண்ணாடி அணிந்த பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தி ஒரு கணம் சட்டகத்துக்குள் வந்து போகிறாள். முன்பு பார்த்தபோது அவளை நான் தவறவிட்டிருந்தேன். கொலையாளி அங்கேயே நிற்கிறாள், கேமரா அவளைக் காட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் தாண்டிச் செல்கிறது. வெடிகுண்டு மேசைக்கு அடியில்தான் இருந்தது என்பதை ஏற்கிறேன். நான்தான் குனிந்து பார்க்கவில்லை.

முடிவுப் பகுதியில் என் கருத்து மாறவில்லை. மருத்துவரின் விளக்கமும், லிஸ்ஸின் கடைசிக் கனவும் பழைய சரக்கே. கனவில் திடுக்கிட்டு விழிக்க வைக்கும் உத்தியை டி பால்மா தம்முடைய ‘கேரி’யில் (1976) ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். தன்னிடமே கடன் வாங்குவதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் லிஃப்ட் காட்சியில் நீங்கள் யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட் மோதிரத்தை நினைத்துக் கலங்கி நிற்கும்போது, ஒரு தாயும் சிறு மகளும் லிஃப்டில் ஏறுகிறார்கள். அந்தச் சிறுமி கேட்டையே உற்றுப் பார்க்கிறாள். கேட் வேறு பக்கம் பார்க்கிறாள், பின் மீண்டும் பார்க்கிறாள். சிறுமியின் கண் அசையவில்லை. தாய் இழுத்தும் அந்தப் பார்வை விலகுவதில்லை. அருங்காட்சியகத்தில் அவ்வளவு நேரம் பிறரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை இப்போது ஒரு குழந்தை பார்க்கிறது, அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. ஹிட்ச்காக்கின் எந்தப் படத்திலிருந்து இது வந்தது என்று நேற்றிரவு வெகுநேரம் யோசித்தேன். எனக்கு எதுவும் அகப்படவில்லை.